உடுப்புக் காயாத நாலு நாள்

அந்த மாரியில் எங்கள் வீட்டுக்குள் நடக்க வழியில்லாமல் இருந்தது. கதவு, சன்னல் கம்பி, கட்டில் விளிம்பு, அப்பா விட்டுப்போன சைக்கிள் எல்லாவற்றிலும் ஈர வெள்ளைப் பெட்சீட்டுகள் தொங்கின. அவற்றில் ஒன்றுகூட எங்களுடையதல்ல. கல்குடாக் கடற்கரையோரம் இருந்த இரண்டு விடுதிகளின் பெட்சீட்டுகளையும் துவாய்களையும் அம்மா எடுத்துவந்து கழுவி, காயவைத்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் காலத்துக்குக் கொடிக்கயிறு போதும். மாரிக்கென்று ஒரு பழைய ட்ரையர் இருந்தது. அதுதான் டிசம்பர் லீவு தொடங்கிய கிழமை பார்த்து நின்றுபோனது.

அந்த மெசினை வாங்க வைத்தது அப்பா. அவர் கத்தாரில் ஒரு பெரிய லோண்டரியில் வேலை செய்தார். எந்தப் பகுதி என்று கேட்டால் மெசின் பகுதி என்பார். கைமாறி வந்த மெசின், பழுதானால் என்ன செய்வது என்று அம்மா தயங்கியபோது, நான் இருக்கிறேன்தானே, யோசிக்காதே என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டைவிடப் பெரிய மெசின்களை அப்பா கழற்றிப் பூட்டுகிறார் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாள் அம்மா பொத்தானை அமத்தியதும் உள்ளே ஊம் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தொட்டி சுற்றவில்லை. அம்மா கதவைத் திறந்து தொட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார். மூடிவிட்டுத் திரும்ப அமத்தினார். அதே சத்தம். விடுதிக்காரர் ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பெட்சீட் வராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டி வரும் என்று. அன்று திங்கட்கிழமை.

மத்தியானம் இரண்டரைக்கு அம்மா அப்பாவைப் போனில் கூப்பிட்டார். அங்கே அப்போது பன்னிரண்டு மணி, அவருடைய இடைவேளை. அப்பா போனை மெசினுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு, கொஞ்சம் பொறு, எடுக்கிறன் என்று வைத்துவிட்டார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கோல் எடுத்து, பெல்ட் அறுந்திருக்குதா என்று பார், அறாவிட்டால் கப்பாசிட்டரை மாற்று என்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் வேறு பாசையில் ஏதோ சொல்வது கேட்டது. அந்த ஆள் ஒரு வசனம் சொல்ல, அப்பா ஒரு வசனம் சொல்லுவார். அப்பாவின் கீழே வேலை செய்கிறவர், அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பழகுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கிரானிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துவார். அந்தக் கிழமை அவருடைய சொந்த வயலிலேயே வெள்ளம் நின்றது. வரம்பு வெட்டிவிட்டு அப்படியே மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. இப்படி ஒரு மெசினை இதற்கு முன் திறந்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. வாழைச்சேனைக்குப் போய்க் கப்பாசிட்டர் வாங்கிவந்து பூட்டினார். பொத்தானை அமத்தினார். ஊம் என்றது. பிறகு எரிந்த மணம் வந்தது.

மாமா மோட்டரைக் கழற்றி நிலத்தில் வைத்து, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். கரகரவென்று இறுகிச் சுற்றியது. உள்ளே கம்பிச் சுருள் கறுத்துப்போயிருந்தது.

"இது முடிஞ்சுது அக்கா. வேற மோட்டர்தான்."

அம்மா ஈரப் பெட்சீட் குவியலின் மேலேயே இருந்து கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையா என்று நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நித்திரைதான். ஐந்து நிமிடம்கூட இருக்காது, எழும்பித் திரும்பவும் பெட்சீட்டுகளைப் பிழியத் தொடங்கினார்.

புதன்கிழமை முழுவதும் மாமா மோட்டர் தேடி அலைந்தார். கடைசியில் ஓட்டமாவடியில், அரபு நாடுகளிலிருந்து பழைய மெசின் சாமான்கள் இறக்கும் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கிடைத்தது. அதே அளவு, ஆனால் வயர்களின் நிறம் வேறு. வியாழன் காலை அதைப் பூட்டிப் பொத்தானை அமத்தியதும் தொட்டி சுற்றியது. நான் துள்ளிக் குதித்தேன். அம்மா சிரித்தபடி பத்துப் பெட்சீட்டுகளை உள்ளே போட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் பெட்சீட்டுகள் சுடச்சுட இருந்தன, ஆனால் ஈரம் போகவில்லை.

மத்தியானம் அப்பாவிடம் சொன்னோம். பொறு என்று வைத்தார். திரும்ப வீடியோவில் எடுத்தபோது அவருடைய முகம் வியர்த்திருந்தது. ஹீட்டர் பழுது, அதையும் மாற்ற வேண்டும் என்றார். மாமா அதைக் கேட்டுவிட்டு, சூடான பெட்சீட் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். சூடு வருகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். போனை வைத்த பிறகு மாமா மெசினுக்குப் பின்னால் போய், காற்று வெளியே போகும் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். ஆரோ மூச்சு விடுவதுபோல மெல்லிய காற்றுத்தான் வந்தது.

தொட்டியைச் சுற்றுவதும், காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறியைச் சுற்றுவதும் ஒரே மோட்டர்தான். இந்த மோட்டர் மறுபக்கமாகச் சுற்றுகிறது. தொட்டி எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான், விசிறிக்கு அப்படியல்ல. தண்ணீர்ப் பம்பும் மறுபக்கம் சுற்றினால் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளாது என்று மாமா சொன்னார். கரண்ட் மெயினை நிற்பாட்டி, இரண்டு வயர்களை இடம் மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். இந்த முறை குழாயிலிருந்து வந்த காற்று என் தலைமயிரைத் தூக்கியது. அன்று பொழுதுபடும்வரை மெசின் நிற்கவில்லை. வெள்ளி காலை மாமாவே பெட்சீட் மூட்டைகளை விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று இரண்டரைக்கு அப்பாவே எடுத்தார். ஹீட்டர் கிடைத்ததா என்று கேட்டார்.

"அது தேவைப்படல்ல. நீங்க சொன்ன மாதிரிக் காத்துப் போற பக்கம் பாத்தம். அதுதான் பிழை. இப்ப நல்லா ஓடுது" என்றார் அம்மா.

அப்பா அப்படிச் சொல்லவேயில்லை. நான் அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டி, "மாமாதான் கண்டுபிடிச்சது!" என்று கத்தினேன். அம்மா திரும்பாமலே கையால் என் வாயைப் பொத்தினார். கையில் சவர்க்கார மணம். மாமா கதவடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவராவது எழும்பி வந்து உண்மையைச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன்.

"ஆர் கண்டுபிடிச்சா என்ன புள்ள, உடுப்புக் காயுதுதானே" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நாலு நாள் மழையில் நனைந்தவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கு. அம்மா பொய் சொல்லிவிட்டார் என்று அன்று முழுவதும் அவரோடு பேசாமல் இருந்தேன்.

ஏழு வருடம் கழித்து அப்பா ஒரேயடியாக வந்துவிட்டார். வலது தோளை உயர்த்த முடியாது. வந்த மாதமே மின்விசிறி நின்றுபோக, நான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு ஆசையோடு அவரிடம் ஓடினேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமாவுக்குப் போன் பண்ணு என்றார். பிறகுதான் சொன்னார்: மெசின் பகுதி என்றால், கழுவின ஈரத்துணியை வண்டியில் ஏற்றி ஒரு மெசினிலிருந்து இன்னொரு மெசினுக்குத் தள்ளிக்கொண்டு போகிற இடம். மெசினைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. போனில் பின்னால் கேட்ட குரல் அங்கிருந்த மலையாள மெக்கானிக்குடையது. அந்த ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா தன் இடைவேளையில் பக்கத்தில் காத்து நின்று, ஒவ்வொன்றாகக் கேட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவர் சொல்ல, அம்மா மினுக்கிக்கொண்டே கேட்டிருந்தார். அம்மாவுக்கு அதில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. முதல் நாள் போனிலேயே விளங்கிவிட்டதாம்.

அந்த வெள்ளிக்கிழமை, மெசின் ஓடுகிறது என்று அம்மா சொன்னதும் அப்பா, "அப்ப நான் போய்ச் சாப்பிடுறன்" என்றார். நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, மாமா பேரைச் சொல்லும்படி இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.