கடைசியாக இறங்கியவள்

அன்று அங்கே இருந்தவர்கள்: என் அக்கா. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர். அவர் மனைவி. நான். மொத்தம் நான்கு பேர். ஐந்தாவதாக யாரும் எங்களோடு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மேலாளரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள், போய்க் கேட்டால் சொல்வார்கள். துறைமுக அதிகாரி சொல்ல மாட்டார். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பழைய துறைமுகத்தை நடந்தே சுற்றிக்காட்டுவது அக்காவின் தொழில். சுங்கக் கட்டடம், பண்டகசாலைகள், கப்பல்களுக்குக் கொடி ஏற்றிச் சைகை காட்டிய கொடிக்கோபுரம். நான் குளிர்பதனக் கிடங்கின் ராத்திரி ஷிப்டிலிருந்து எட்டாவது மாதம் ஓடிவந்தவன். அப்பா அம்மா போனபின் என்னை வளர்த்தது அவள்தான். "கூரையைப் பாத்துக்கிட்டே எத்தனை நாளுடா கிடப்ப? என்கூட வந்து வாலா நட" என்றாள்.

வால் என்றால் வரிசையில் கடைசி ஆள். தலை அக்கா. கட்டடச் சாவிகளை அவளை நம்பித்தான் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் வெளியே வந்ததும் கடைசி ஆள் "ஆச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பூட்ட வேண்டும், நகர வேண்டும்.

கொடிக்கோபுரத்தில் மட்டும் இந்த முறை தலைகீழ். குறுகலான சுழல் படி. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். உச்சியில் அப்படியே திரும்பினால், வால் முதலில் இறங்கும், தலை கடைசி. அங்கே அக்கா "ஆச்சு" என்பாள். நான் பூட்டுவேன்.

அன்று மேலே போனபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் வாய் ஓயவில்லை. எத்தனை அடி உயரம், யார் கட்டியது, கல் எங்கிருந்து வந்தது...

"கொஞ்சம் மூச்சு விடுங்க. கோபுரம் எங்கயும் ஓடிடாது" என்றார் மனைவி.

"முட்டி வலின்னு சொன்னவ எனக்கு முன்னால ஏறிட்டா, பாத்தியா தம்பி?"

உச்சியில் ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. அக்கா யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பினோம். நான் முதலில் இறங்கினேன். வாசலில் சாவியோடு நின்றேன். மேலாளர் வந்தார். மனைவி வந்தார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை.

பிறகு அக்கா வந்தாள்.

"ஆச்சு."

பூட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் முன்னால் போனாள். மணி 6.52. போனில் பார்த்தது.

சுங்கக் கட்டடத்துக்குப் போகும் சந்து நீளமானது. அக்கா டார்ச்சோடு முன்னால் நடந்தாள். மேலாளர் எதையோ கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். செங்கல் தரையில் எங்கள் மூன்று பேரின் செருப்புச் சத்தமும் கேட்டது. அவளுடையது கேட்கவில்லை...

7.04. என் போன் அடித்தது.

அக்கா.

முன்னால் பார்த்தேன். ஒரு கையில் டார்ச். இன்னொரு கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கடா போன?" என்றது போன். "இங்கயே நில்லுங்கன்னு சொல்லிட்டுப் போனியே. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"எங்க நிக்கிற?"

"மேலதான், கொடிக்கம்பத்துக்கிட்ட. காத்து வேற தள்ளுது... சரி விடு. வந்துட்ட போல. படியில சத்தம் கேக்குது."



"அக்கா. நான் கீழ இருக்கேன். கோபுரம் பூட்டியிருக்கு."



"படியில வர்றது நான் இல்ல" என்றேன்.

போன் வழியாக எனக்கும் கேட்டது. டக்... டக்... டக்... நின்றது.

பிறகு என் குரல்.

"வாங்க அக்கா. இந்தப் பக்கம் வந்து பாருங்க. கப்பல் வருது."

என் ஜென்மத்தில் நான் அவளை "வாங்க" என்று சொன்னதில்லை.

ஓடினேன். பின்னால் அந்த அம்மா, "தம்பி! தம்பி!" என்று கத்தினார். பூட்டில் சாவி இறங்க மறுத்தது. திருப்பிப் போட்டேன்.

படியில் யாரும் இல்லை.

உச்சியில் அக்கா கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். கைப்பிடி இல்லாத பக்கம், விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே, அவளுடைய ஒற்றைச் செருப்பு.

"நீயா?"

"நாந்தான். இறங்கு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியே தள்ளினேன். பூட்டினேன்.

உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். மறுபடி என் குரல்.

"அக்கா... என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்க போற? அது யாரு உன்கூட?"

இந்தத் தடவை "வாங்க" இல்லை. கற்றுக்கொண்டுவிட்டது.

"கேக்காத. நட" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

மேலாளரும் மனைவியும் சந்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "நீ ஓடினதும் உங்க அக்கா முக்குல திரும்பினாங்க, நாங்க திரும்பினா ஆளைக் காணோம்" என்றார் மேலாளர். என் பின்னால் வந்த அக்காவைப் பார்த்ததும் அந்தக் கேள்வி மன்னருக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. சாவிகளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சின்ன வயசுல உன்னை ஒரு நாள் தொலைச்சிட்டேன். எங்கன்னு சொல்லு."

"எனக்கு என்ன வயசு அப்போ?"

"மூணு."

"மூணு வயசுல நடந்தது எவனுக்கு நினைவிருக்கும்?"

தலையாட்டினாள். நம்பினாள் என்று நினைத்தேன்.

விடிந்ததும் அதிகாரியை அழைத்துக்கொண்டு கோபுரத்துக்குப் போனாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நானும் போனேன். ஆத்திரத்தில் சற்றுப் பின்தங்கித்தான் நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே எரிச்சலாகப் பேசினார்.

"என்னம்மா விளையாட்டு இது? ராத்திரி பூரா தம்பியை உள்ள விட்டுட்டுப் போயிருக்கீங்க? குளிர்ல வெறச்சுப் போய்க் கிடக்கறான். கூப்பிட்டா வரமாட்டேங்கறான். தொலைஞ்சா நின்ன இடத்துலயே நிக்கணும்னு அக்கா சொல்லியிருக்கா, அவ வந்தாதான் எழுந்திருப்பேங்கறான்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதவில் தொங்கிய சாவியை எடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

அக்கா சாவியை உருவினாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அக்கா, போகாத. நாந்தான். என்னைப் பாரு."

பார்த்தாள். பேருந்தில் இடித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்ப்பது போல.

"விடுங்க" என்றாள்.

கை தானாக விட்டுவிட்டது.

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அந்தப் பூட்டுக்கு இரண்டு பக்கமும் சாவி போடலாம். உள்ளிருந்து ஒரு முறை திருகினாள்... இன்னொரு முறை திருகினாள்.