மில்லுப் பூனைகளின் வயிறு

அரிசி மில்லில் பூனைக்குச் சோறு வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். வைப்பது வேலையில்லை, வைத்தது செரிக்க வேண்டுமே, அதுதான் வேலை.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மில்லுக்கு அரிசி புடைக்கப் போனேன். மகளுக்கு அப்போது ஏழு மாதம். கைப்பிள்ளைக்காரியை வேறு யாரும் சேர்க்கவில்லை. இந்த முதலாளி மட்டும் தூணோரம் தொட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பதிலாக, எலி பிடிக்க அவர் வைத்திருந்த நாலு பூனைகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். பூனை வளர்த்துப் படாதபாடு பட்டவர்களே, மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பாலாபிஷேகம்

பூனை என்றால் பால்தானே என்று நினைத்தேன். டீக்கு வாங்கியதில் மிஞ்சிய பாலையெல்லாம் நாலுக்கும் ஊற்றினேன். மூன்றாம் நாள் கழிச்சல். அதுவும் எங்கே? லாரிக்காகத் தைத்து அடுக்கிய மூட்டைகள் மேல்.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு தடவை நாறினால் பூனைகளும் வேண்டாம், நானும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டே சாக்கைத் துடைத்தேன். மூட்டை தூக்கும் கருப்பையா அண்ணன், கேட்காமலே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “ஏன் தங்கச்சி, பாலாபிஷேகமா பண்ணுன? இம்புட்டுப் பாலை ஊத்துனா எந்த வயிறு தாங்கும்?”

மீன் தலை

மில் வாசலில் கூடை இறக்கும் மீன்கார பாண்டியம்மா அக்காவிடம் கேட்கலாம் என்று மூன்று நாள் போய் நின்றேன். வாய் வரவில்லை. “என்னத்தா, மீனும் வாங்க மாட்டேங்குற, போகவும் மாட்டேங்குற?” என்று அவரேதான் கேட்டார்.

கழிச்சல் கதையைச் சொன்னேன். பாலை நிறுத்து என்றார். மீன் தலையை வெறுந்தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, கொஞ்சம் குருணைச் சோற்றோடு பிசைந்து வை. ஒரே நேரத்தில் வயிறு முட்ட வைக்காதே, மூன்று வேளையாகப் பிரித்து வை. பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அன்றிலிருந்து தலைகளை ஓலையில் கட்டி எனக்கென்று ஒதுக்கினார், மகராசி. ருசிக்கு உப்பும் மிளகாயும் போடவா என்றதற்குத்தான் முறைத்தார். “ஓம் பிள்ளைக்கு மொதச்சோறு ஊட்டுறப்ப மொளகா போட்டியா?”

புரட்டாசி

ஒரு மாதம் மூட்டைகள் சுத்தமாக இருந்தன. புரட்டாசி பிறந்தது. முதலாளி அழகர் பக்தர். மில்லுக்குள் மீன் வாடையே வரக்கூடாது, பூனைக்குத் தயிர்ச்சோறு போடு என்றார். போட்டேன். இரண்டே நாளில் பழைய கதை. முதலாளி வந்து மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்.

தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: “விரதம் நீங்க இருக்கீக முதலாளி. அதுக நேந்துக்கிறலையே. தயிரும் பால்தான? மீன் வைக்க விடுங்க. பெறகும் நாறுச்சுன்னா நானே போயிர்றேன்.”

கருப்பையா அண்ணன் முதுகில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். முதலாளி நெற்றி நாமத்தைத் தடவிக்கொண்டு பூனைகளைப் பார்த்தார். “சரி, பின்வாசலுக்கு வெளிய, காத்து அங்கிட்டு அடிக்கிற பக்கமா வையி. அழகர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

நாலு நாளில் பூனைகள் தெளிந்தன. என் மகள் அந்த மில்லில்தான் நடை பழகினாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட வாய் திறக்காத நான், முதன்முதலாகத் துணிந்து பேசியது நாலு பூனைகளின் கழிச்சலைப் பற்றித்தான், அதுக நல்லா இருக்கணும்.