எஃப் என்ற எழுத்தும் ஹேடோ டெலிபோனும்

கடல் தாண்டிய இந்தத் தீவில், ஹேடோ என்ற இடத்தில் இருந்த எங்கள் துறைமுக அலுவலகத்துக்குக் கப்பல் ஒன்று வந்தாலும் மூன்று வந்ததுபோலக் காதில் விழும். வங்காளி ஹெட்கிளார்க் 'பெஸெல்' என்பார். மலையாளி ஸ்டோர்கீப்பர் 'ஷிப்பு' என்பார். தூத்துக்குடிக்காரனான நான் 'வெஸ்ஸல்' என்றால் இருவரும் ஒன்றாகத் திரும்பி 'க்யா?' என்பார்கள். நாங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான் என்று சொன்னால் ஊரில் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எங்கள் பள்ளிக்கூட வாத்தியார், எஃப் சொல்லக் கீழுதட்டைப் பல்லால் கவ்விக் காற்றை விடச் சொல்வார். எங்களுக்குக் காற்று வரவில்லை, எச்சில்தான் வந்தது. 'பாதர்', 'பிஷ்', 'பேன்' என்று சொல்லியே எல்லாரும் பாஸ் பண்ணினோம். பேசியவனும் தமிழன், கேட்டவனும் தமிழன். கடலுக்கு அப்பால் மெயின்லாண்டில் அதனால் ஒரு குடியும் முழுகவில்லை.

இங்கே அந்த எழுத்தால் என் மகளையே பறிகொடுக்கப் பார்த்தேன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, ரோஸ்லின். மூன்று வயது. ஒரு மத்தியானம், என் மனைவி புஷ்பம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகத்துக்கே ஓடிவந்துவிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மேஜையில் கிடத்திவிட்டு, வலிப்புக்கு இங்கிலீஷ் ஃபிட்ஸ் என்று நினைவுபடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். எடுத்தவர் வங்காளி டாக்டர்.

"மை டாட்டர், பிட்ஸ் சார்! சிவியர் பிட்ஸ்!"

"பிட்? பிட் மே தர்த்?"

வங்காளத்தில் 'பிட்' என்றால் முதுகாம்; முதுகில் வலியா என்று கேட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நான் கத்தக் கத்த அவருக்கு முதுகு இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

"நோ சார், பிட்ஸ்! பிட்ஸ்!"

"ஹாம் சம்ஜா, பாபா. ஆயில் மாலிஷ் கரோ. டுமாரோ மார்னிங் ப்ரிங்."

"என்னங்க சொல்றாரு?" என்றாள் புஷ்பம்.

"எண்ணெ தேச்சு நாளைக்குக் கொண்டாரச் சொல்றாரு."

"எண்ணெயா? இங்க குடுங்க அத."

ஏபிசிடி தெரியாதவள். ரிசீவரைப் பிடுங்கினாள். அதைக் குழந்தையின் வாயருகே வைத்துப் பிடித்தாள். பல் நறநறவென்று கடிபடுவதும் தொண்டையில் நுரை கொப்பளிப்பதும் ஹேடோவிலிருந்து கம்பி வழியே போயின. பிறகு மறுமுனையிலிருந்து ஓர் அலறல்.

"ஓ! ப்ஹிட்ஸ்! ப்ஹிட்ஸ் போலோ நா! ஷைட் மே லிட்டாவ்! ஆஷ்ச்சி, ஆஷ்ச்சி!"

ஃபிட்ஸ் என்று சொல்லக்கூடாதா என்று கேட்ட அவருக்கும் எஃப் வரவில்லை! அந்த நேரத்திலும் அது என் காதில் பட்டது. 'ஆஷ்ச்சி' என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனாலும் வருகிறேன் என்கிறார் என்று தமிழில் சொன்னதுபோலப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அவர் சொன்னபடி குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். ஜீப் வந்தது. டாக்டர் ஊசி போட்டார். இழுப்பு மெல்ல மெல்ல நின்றது. மேஜையருகே நின்று நான் தமிழில் ஜெபம் சொன்னேன். அவர் நாடியைப் பிடித்தபடி வங்காளத்தில் என்னமோ முணுமுணுத்தார். வெகுநேரம் கழித்து ரோஸ்லின் கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"பானி."

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது தண்ணி. டாக்டர் வீட்டில் அது ஜல். தீவின் தெருவில் பிள்ளைகளோடு விளையாடிப் பொறுக்கிய இந்திச் சொல் அது. எங்கள் இருவருக்குமே சொந்தமில்லை. அவரும் நானும் ஒரே சமயத்தில் டம்ளருக்குக் கையை நீட்டினோம்.