புது மிஷினின் முதல் வேலை

இலுப்பூர் கடைவீதியில் ‘ஷர்லி டிஜிட்டல்ஸ்’ என்று போர்டு மாட்டிய மாடிக் கடை ஜெபக்குமாருடையது. ஷர்லி அவருடைய மகள், கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுநன்மை, அடக்கம் என்று இந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பது அவர் பிழைப்பு. தங்கமான மனிதர். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. பெண் பார்த்துவிட்டு வந்து சரி என்று சொல்லவே ஒரு தவக்காலத்தின் நாற்பது நாளையும் எடுத்துக்கொண்டவர். பெண் வீட்டார் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்த பிறகுதான் அடித்துப் பிடித்து ஓடி ஷீபாவைக் கட்டினார்.

கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே கதை. கடையில் இருந்த மிஷின் ஷர்லி பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்குள் திருப்பி விட்டால்தான் ஓடும். இப்போதைய கேமராக்களில் எடுக்கும் படம் அதற்குத் தாங்காது. திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஜெபக்குமார் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு ஏறி வருவார். வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மாற்றியாக வேண்டும் என்று அவருக்கே தெரியும். எதை வாங்குவது, எப்போது வாங்குவது என்பதில்தான் சிக்கல். புது ப்ராசஸர் போட்டால் பழைய மதர்போர்டு ஏற்காது. போர்டை மாற்றினால் பழைய ரேம் சேராது. கடைசியில் மிஞ்சுவது தகர டப்பாவும் மவுஸும்தான். சரி, எல்லாவற்றையும் மாற்றித் தொலைப்போம் என்று துணியும் நேரத்தில், இன்னும் நாலு மாதத்தில் இதைவிட வேகமானது வருகிறது என்று யூடியூபில் எவனாவது ஒருவன் சொல்லிவிடுவான். உடனே நம்மவர் பின்வாங்கிவிடுவார். ஆவூரில் சொந்த வயல் எத்தனை மா என்று கேட்டால் தம்பியைக் கேட்கச் சொல்வார். எந்த ப்ராசஸரில் எத்தனை கோர் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார். திருச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தமிழ்செல்வன் நொந்தே போனான்.

“அண்ணே, போன வருசம் கேட்டப்ப இந்த வருசம் புதுசு வரட்டும்னீங்க. இந்தா வந்துருச்சு. இன்னும் எதுண்ணே வரணும்?”

“ரெண்டு பேரு வாங்கி ஓட்டிப் பாக்கட்டும் தம்பி. நல்லாருக்குன்னாங்கன்னா வாரேன்.”

ஒரு கல்யாணத்தில் காலையில் எடுத்ததைச் சின்னதாகத் தொகுத்து மாலை வரவேற்பில் திரையில் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மிஷின் முக்கி முனகி முடித்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து அந்த வீட்டில் நடந்த வளைகாப்புக்கு வேறு ஸ்டூடியோக்காரன் வந்து நின்றான். அன்றைக்குத்தான் ஷீபாவுக்குக் கோபம் வந்தது.

“வாங்குறதா இருந்தா இந்த வாரம் போயி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி அந்த யூடியூப பாக்குறத விட்டுத் தொலைங்க. ரெண்டுல ஒண்ணு.”

வாங்கிவிட்டார். அப்போதுதான் வெளிவந்திருந்த ப்ராசஸர், அதற்கேற்ற போர்டு, எல்லாம். தமிழ்செல்வன் பூட்டிக் கொடுத்த மிஷினைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பங்குச் சாமியார் கடைக்கு வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்தார். மேலே மாதா படம் ஒட்டியாயிற்று. ஒரு பழைய கல்யாணப் படத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். வட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் ஏன் வாங்காமல் இருந்தோம் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கடையில் அப்படி மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று சொன்னால் அது பொய்யில்லை.

வீடியோ தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேமராவோ புது மிஷினோ, முதலில் தொடும் வேலை நல்ல காரியமாக இருக்க வேண்டும். முதல் படம் ஒரு குழந்தையை எடுப்பார்கள், இல்லையென்றால் சாமியை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறிய ஆளை ஜெபக்குமார் பார்த்ததில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருந்தது. புது மிஷினுக்கு அதுதான் முதல் வேலை என்று முடிவு செய்து, துணி போட்டு மூடி வைத்தார்.

அதற்குள் அவருடைய சொந்த ஊரான ஆவூரில் சந்தனமேரி என்ற மூதாட்டி இறந்துபோனார். மகள் அடைக்கலமேரி அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் தம்பி அருள்தாஸ் குவைத்தில் டிரைவர். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தை லைவாகப் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அருள்தாஸே கூப்பிட்டான்.

“அண்ணே, கூட்டத்தக் காட்ட வேணாம், மாலை போடுறதக் காட்ட வேணாம். பொட்டிய மூடுறதுக்கு முந்தி ஆத்தா மொகத்த மட்டும் கிட்டக்க காட்டிருங்கண்ணே. எங்கப்பா செத்தப்ப சொந்தக்காரங்க போன்ல காட்டுறேன்னாங்க. ஆளுக்காளு இங்கிட்டும் அங்கிட்டும் இடிச்சதுல எனக்குத் தரையும் செருப்புந்தான் தெரிஞ்சுச்சு. ஆத்தாவையாச்சும் பாத்துடுறேன்.”

“நான் இருக்கேன் தம்பி. கண்டிப்பா காட்டுறேன்,” என்றார் ஜெபக்குமார்.

லைவுக்குக் கேமராவோடு ஒரு மிஷினும் போக வேண்டும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஷீபா புதியதைக் காட்டி, “இத எடுத்துட்டுப் போங்களேன்,” என்றாள்.

“மொதல் வேலையே அடக்கமா?”

ஷீபாவுக்கும் மனசுக்குள் அதே உறுத்தல்தான். பழையதற்கான ஃபேனை எடுத்துக் கொடுத்தாள். பழைய மிஷின் ஆம்னி வேனில் ஏறியது.

வீட்டில் வைத்திருந்தபோதும் கோயிலில் பூசை நடந்தபோதும் பழையது ஒழுங்காகத்தான் ஓடியது. அதுதான் அவரை ஏமாற்றிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஜெனரேட்டர் கரண்டில், வெயிலில், தன் போனில் இருந்தே நெட் எடுத்து வைத்திருந்தார். பெட்டியைக் குழிப்பக்கத்தில் இறக்கினார்கள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்து, கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெபக்குமார் கேமராவைச் சந்தனமேரியின் முகத்துக்குக் கொண்டுபோனார். அடைக்கலமேரி நெற்றியில் முத்தமிட்டு, “தாசு பாக்குறான் ஆத்தா,” என்று கதறினாள். ஜெபக்குமார் திரும்பித் திரையைப் பார்த்தார். திரையில் முகம் இல்லை. வழியில் வந்த ஊர்வலம் அப்படியே உறைந்து நிற்க, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

மிஷின் பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடியும் போட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள். இழவுக் கூட்டத்தில், என் மிஷின் நின்றுவிட்டது, பெட்டியை மூடாதீர்கள் என்று கத்த அவருக்கு நாக்கு எழவில்லை. அவர் போன் அதிர்ந்தது. அருள்தாஸ். எடுத்து, அந்தப் போனிலேயே முகத்தைக் காட்டியிருக்கலாம். எடுத்தால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், மிஷின் எழுந்துவிடும் எழுந்துவிடும் என்று அதையே வெறித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் போன் அடித்து ஓய்ந்தது. மிஷின் உயிர் பெற்றுப் படம் ஓடத் தொடங்கியபோது பெட்டி குழிக்குள் இறங்கி, ஆளாளுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அருள்தாஸ் குவைத்தில் உட்கார்ந்து பார்த்தது அந்த மண்ணைத்தான்.

“சிக்னல் போயிருச்சு தம்பி,” என்றார் ஜெபக்குமார், அன்று மாலை.

“நம்மூரு சிக்னலப் பத்தித் தெரியாதாண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க,” என்று அருள்தாஸ் அவருக்கே ஆறுதல் சொன்னான்.

சில நாளில் அந்தக் கல்யாணமும் நடந்தது. புது மிஷினுக்கு முதல் வேலை நல்ல காரியமாகவே அமைந்தது. வேலை கச்சிதமாக முடிந்து, எல்லாரும் பாராட்டினார்கள். அதன் பிறகு, கேமராவில் பதிவாகியிருந்த அடக்கத்தை எடுத்துப் புது மிஷினில் போட்டார். பழையது அரை நாள் இழுக்கும் வேலையைப் புதியது கண் மூடித் திறப்பதற்குள் முடித்துக் கொடுத்தது. குவைத்துக்கு லிங்க் அனுப்பினார். பதில் வரவில்லை.

சந்தனமேரிக்கு வருசப் பூசை நெருங்கும்போது அருள்தாஸ் லீவில் வந்தான். நினைவு அட்டை அடிப்பதற்கு ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று கடைக்கு ஏறி வந்தான். வெயிலில் கறுத்துப்போயிருந்தான்.

“நீங்க அனுப்புன லிங்க்க இன்னும் தொறக்கலண்ணே. எல்லாம் முடிஞ்ச பெறகு பாத்து என்ன ஆகப்போவுது. போட்டோவ மட்டும் எடுத்துக் குடுங்க.”

ஜெபக்குமார் மிஷினைப் போட்டார். சந்தனமேரியின் முகம் திரை நிறைய வந்து நின்றது. அருள்தாஸ் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேலே மாதா படம் ஒட்டியிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

“புது மிஷினாண்ணே? பட்டுனு வருதே. எப்ப வாங்குனீங்க?”

போன மாதம் என்று சொன்னால் முடிந்துவிடும். ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய்யை வைக்க அவருக்கு அன்று தெம்பு இல்லை.

“ஆத்தா தவறுறதுக்கு முந்துன வாரம் வாங்குனது தம்பி. அன்னைக்கு சிக்னல் எல்லாம் போகல. பழைய மிஷினு நின்னுபோச்சு.”

“அப்ப அன்னைக்கு இது இங்கதான் இருந்துச்சா?”

“இங்கதான் இருந்துச்சு. மொதல் வேலை அடக்கமா இருக்க வேணாமேன்னு…”

சட்டையைப் பிடிப்பான், கத்துவான் என்று ஜெபக்குமார் எதிர்பார்த்தார். அப்படி நடந்திருந்தால் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அருள்தாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“அதுவும் சரிதாண்ணே. நான் சொந்தமா ஒரு வண்டி எடுத்தாலும் மொதல் சவாரி பொணத்த ஏத்த மாட்டேன்,” என்றான். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். “ஆனா இதக் கொண்டாந்திருந்தா, ஆத்தாவப் பாத்திருப்பேன்ல?”

“பாத்திருப்பீங்க தம்பி,” என்றார் ஜெபக்குமார்.