என் தலைக்குத் தனி லைன் போட்டவர்

கடையில் பத்துப் பன்னிரண்டு புடவைகளை விரித்துப் போட்டிருந்த நேரத்தில் பஷீர் பாயின் மகன் போன் செய்தான். “மாமா, அப்பா போயிட்டாரு.” அடுத்த புடவையை விரிக்கக் கை வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். இதய ஆபரேஷன் நடக்கும்போது உடம்புக்கு ரத்தம் ஓட்டும் இயந்திரத்தை இயக்கியவர். காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். “டாக்டர் இல்லபா, டிரைவர்” என்பார்.

மூன்று வருடம் முன்பு, இதயத்திலிருந்து கிளம்பி வளையும் பெரிய ரத்தக்குழாய் எனக்கு வீங்கிப்போயிருந்தது. மாற்றும்போது ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும், மூளைக்கு ஆபத்து உண்டு என்றார் சர்ஜன். நான் நூல் மூட்டை சுமந்து மேலே வந்தவன். எனக்கு முதல் என்று இருந்தது இந்தத் தலை ஒன்றுதான். பாயிடம் ஓடினேன்.

“மெயின் பைப் மாத்துறப்போ ஊருக்கே தண்ணிய நிறுத்துவான் இல்ல? அதுமாதிரிதான். உடம்பை நல்லா குளிர வெச்சிடுவோம். உன் தலைக்கு மட்டும் கைக்குப் போற குழாய் வழியா தனி லைன் போட்டு நான் ரத்தம் விட்டுக்கினே இருப்பேன்.”

“தலையில ஐஸ் வைப்பீங்களாமே?”

“வைப்போம். நீ கஸ்டமருக்கு வைக்கிற அளவுக்கு இல்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பாய், முழிச்சதும் பேரு, ஊரு கேட்டுட்டு விட்டுடாதீங்க. சரிகையக் குடுத்து அசலா போலியான்னு கேளுங்க. அது தெரியலன்னா நான் பொழைச்சதே வீண்.”

சொன்னதை மறக்கவில்லை மனுஷன். தொண்டைக் குழாயை எடுத்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து என் கையில் வைத்தார். நகத்தால் சரிகையைச் சுரண்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும்; வெள்ளையாக இருந்தது.

“டூப்ளிகேட்” என்றேன். மறுபிறவியில் என் முதல் வார்த்தை.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, “இது என் வீட்டம்மாவோட கல்யாண நாள் புடவையில வெட்டினது, ஏழுமலை. உன் கடையில வாங்கினது. அசல்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியே, இதே தலை!” என்றார்.

நான் கண்ணை மூடி மயங்கிக் கிடந்தேன். பதறி ஓடிவந்த நர்ஸிடம் பாய் சொன்னார்: “ஒண்ணும் இல்லமா, மூளை முழுசா இருக்குது. நடிக்கிறான்.”

வீடு திரும்பியதும் அசல் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா வாங்கிக்கொண்டார். ஜாக்கெட் துணியைத் திருப்பிக் கேட்டபோது பாய் தரவில்லை. “உனக்கு மூளை இருக்குதுன்றதுக்கு இது ஒண்ணுதான்பா சாட்சி.”

பாய் போன மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனபோது மகன் ஒரு கவரைக் கொடுத்தான். மேலே பாயின் கையெழுத்தில் என் பெயர். உள்ளே அந்தத் துணி.

அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், “இது அசல் சரிகையா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.