தேங்காய் எண்ணெய் உறையும் மாதம்

குத்தகைப் பதிவுக்கு மனுப் போட்டவர்கள் அந்த ஊரில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள். அது அம்சத்தின் புருஷன் தங்கையனுடையது. விசாரணைக்கு மனுக் காகிதங்கள் இருந்த பையை எடுத்துக்கொண்டு போகிற வேலை அவன்மேல் விழுந்தது அதனால்தான். வேறு தகுதி எதையும் யாரும் பார்க்கவில்லை.

ஆட்சி மாறி நாலாவது மார்கழி. உழுகிற குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் பண்ணை நினைத்த நேரத்தில் நிலத்தைப் பிடுங்க முடியாது. ஏறாவிட்டால் வயலில் நிற்கிற சம்பாதான் கடைசி. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. ஆகவே விசாரணையன்று மற்ற பத்துப் பேரும் குடும்பத்தோடு விடியுமுன் வரப்பில் போய் நிற்பது, தங்கையன் மட்டும் விசாரணை முகாமுக்குப் போவது என்று விவசாயிகள் சங்கத்தில் முடிவாயிற்று. முகாம் நன்னிலம் ரோட்டில் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில். எட்டு மணிக்கு விசாரணை. அந்த ரோட்டில் முதல் பஸ் வருவதே எட்டு மணிக்கு.

"பையில இருக்கறது காகிதம் இல்ல தங்கையா, பதினோரு வீட்டு அடுப்பு" என்றார் சங்கச் செயலாளர் வைரக்கண்ணு.

"அடுப்பு போய்ச் சேரணுமே" என்றான் இராஜாங்கம். அவன் தங்கையனுக்குச் சொந்தத்தில் மச்சான், பதினொருவரில் ஒருவன். "மச்சான் சைக்கிள் கத்துறது வேளாங்கண்ணி வரைக்கும் கேக்கும். பண்ணை வீட்டைத் தாண்டறதுக்குள்ள அவன் ஆளு எந்திரிச்சு காப்பியே போட்டு வச்சிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விஷயம் சிரிக்கிறதாக இல்லை. ரோட்டுக்குப் போக பண்ணை வீட்டைத் தாண்டித்தான் வழி. அங்கே இரண்டு காவல்காரர்கள், மூன்று நாய்கள்.

மறுநாள் விசாரணை என்கிற வெள்ளிக்கிழமை தங்கையன் அம்சத்திடம் சொன்னான்: "கடைத்தெருவுக்குப் போயி ஹாஜா பாய் சைக்கிள் கடையில மெஷின் ஆயில் வாங்கிட்டு வந்து வை. எனக்குச் சங்கத்துல வேலை கெடக்கு."

கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மைல் நடந்து போனாள். கடை பலகை போட்டிருந்தது. பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார், திறக்க மூன்று மணியாகும் என்றார்கள். கொஞ்ச நேரம் நின்றாள். பால் கட்டி மார்பு வலித்தது. குழந்தை அழும் என்று திரும்பிவிட்டாள்.

வீட்டில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு வேலைக்குப் போன அவள் தம்பி கொண்டுவந்து கொடுத்தது. நல்ல நாளில்தான் தலையில் வைப்பாள். கோழி இறகு ஒன்றை அதில் தோய்த்துச் செயின் முழுக்கத் தடவினாள். பிறகு சைக்கிளைப் படுக்கப் போட்டுப் பின்சக்கரப் பல்லின் இடுக்கில் தாராளமாக ஊற்றினாள். மிதியைப் பின்னுக்குச் சுற்றச் சுற்ற, டிக்டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் குறைந்து கடைசியில் அடங்கிவிட்டது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. சைக்கிளை அடுப்பங்கரைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

சாயங்காலம் தங்கையன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். "பாய் நல்ல எண்ணெயாத்தான் குடுத்திருக்காரு" என்றான். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எது எண்ணெயோ, சத்தம் போயிற்று.

விடியுமுன் அவன் கிளம்பினான். வாசலில் நின்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். பண்ணை வீட்டுப் பக்கம் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கையன் திரும்பி வந்தான். பை கட்டியபடியே இருந்தது. வரப்பில் நின்றவர்கள் எல்லோரும் பையைத்தான் பார்த்தார்கள்.

அவன் சொன்னது இது. ஊர் எல்லைவரை சைக்கிள் பூப்போல ஓடியது. முடிகொண்டான் ஆற்றுக் கரையில் ஏறியதும் பனி மூடிக்கொண்டது. அங்கே திடீரென்று மிதி காலியாகிவிட்டது. கால் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. இறங்கித் தட்டிப் பார்த்தான். ஏறினால் பத்தடி பிடிக்கும், மறுபடி விட்டுவிடும். தள்ளிக்கொண்டே ஓடினான், நடந்தான், ஏறினான், இறங்கினான். போய்ச் சேரும்போது மணி பத்தாகப் போகிறது. பண்ணையின் வக்கீல் மட்டும் ஆஜர், மனுதாரர் யாரும் வரவில்லை, பதினொரு மனுவும் தள்ளுபடி. அதிகாரி புறப்பட்டுப் போய்விட்டார். காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம் சைக்கிளைக் காட்டி அழாத குறையாகச் சொன்னான். அவர், ஏறிக் காட்டு என்றார். ஏறினான். பள்ளிக்கூட மைதானத்தைச் சைக்கிள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. குமாஸ்தா சிரித்தார்: "நல்லாத்தானய்யா ஓடுது?"

"சைக்கிளைப் போட்டுட்டு ஓடியிருக்கலாமே" என்றார் வைரக்கண்ணு.

"அடுத்த தடவை பிடிச்சுக்கும், அடுத்த தடவை பிடிச்சுக்கும்னே..." என்றான் தங்கையன்.

இராஜாங்கம் சைக்கிளை வாங்கி வண்டிப்பாதையில் ஓட்டிப் பார்த்தான். வெயிலில் அது கொஞ்சம்கூட மக்கர் பண்ணவில்லை. இறங்கி ஸ்டாண்டு போட்டான். "போறப்ப பண்ணை வீட்டு நாய்ங்க குரைக்கவே இல்லியாமே மச்சான்" என்றான். "தெரிஞ்ச ஆளைப் பாத்து குரைக்காதுதான்."

அன்று மாலை வெளியூர் ஆட்கள் போலீஸ் பந்தோபஸ்தோடு வந்து இறங்கினார்கள். மூன்று நாளில் பதினொரு பேர் வயலும் அறுபட்டு வெறும் தாளாகிவிட்டது.

தங்கையன் சைக்கிளைத் தொடவில்லை. பண்ணை வீட்டு ஆள்தான் சக்கரத்தில் ஏதோ செய்துவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை. டீக்கடையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான்.

எட்டாம் நாள் அம்சம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஹாஜா மைதீன் கடைக்குப் போனாள். அவர் பின்சக்கரத்தைக் கழற்றி, பல் வட்டைப் பிரித்து, விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரு தங்கச்சி இதுல தேங்கா எண்ணெய ஊத்துனது?"

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஃபிரீவீல் உள்ள நகம் மாதிரி ரெண்டு துண்டு இருக்கு. அது எந்திரிச்சு பல்லுல மாட்டுனாத்தான் சக்கரம் சுத்தும். டிக்டிக்குனு கேக்குதில்ல, அது நகம் வேலை செய்யிற சத்தம். மார்கழிப் பனியில எண்ணெய் நெய்யா ஒறஞ்சு நகம் படுத்துக்கும். வெயில் ஏறுனா உருகிடும், தானா எந்திரிச்சுக்கும். இதுக்கு மெல்லிசு மெஷின் ஆயிலு மட்டுந்தான். மொதல்ல மண்ணெண்ணெயில கழுவணும். கிரீஸ் அச்சுக்கு. செயினுக்கு ரெண்டு சொட்டு விட்டு தொடச்சிரணும். பிரேக் பிடிக்கிற எடத்துல ஒண்ணுமே படக்கூடாது. திங்கிற எண்ணெய், தலைக்கு வைக்கிற எண்ணெய் எதையும் சைக்கிளுக்குக் காட்டவே கூடாது."

"அடுப்பங்கரையில வச்சிருந்தா பாய்?"

"சூட்டுல ஒறையாது. வெளில போனப்பறம்தான்."

அவள் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "இப்ப கழுவாதீங்க பாய், அப்படியே மாட்டிக் குடுங்க" என்றாள்.

அன்று சங்கக் கூட்டத்தில் தங்கையனை நீக்குவது பற்றிப் பேச்சு. பெண்கள் ஓரமாக நின்றார்கள். அம்சம் நடுவில் வந்து நின்று, நான்தான் ஊற்றினேன் என்று முழுவதையும் சொன்னாள்.

"புருஷன் கத்துக் குடுத்தத நல்லாத்தான் ஒப்பிக்கறா" என்றான் இராஜாங்கம்.

"சைக்கிள் இங்கியே கிடக்கட்டும் அண்ணே. விடியக்காலம் வந்து நீங்களே ஏறிப் பாருங்க."

சைக்கிளைச் சங்கக் கொட்டகை வாசலில் பனியில் நிறுத்தினார்கள். விடிகாலை எல்லோரும் வந்தார்கள். இராஜாங்கம் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினான். நாலடி உருண்டது. பிறகு அவன் கால்கள் மட்டும் சுற்றின. மிதித்தான், எழுந்து நின்று மிதித்தான். சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. காலைத் தரையில் ஊன்றினான். இறங்கி வந்து தங்கையனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்" என்றான். வைரக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து தங்கையனைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அம்சத்தின் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் கேட்டான்: "பாய் குடுத்த எண்ணெய்யினு நான் சொன்னப்ப ஏன் சும்மா இருந்த?"

"சத்தம் போச்சே, போதும்னு இருந்தேங்க."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்குப் பலமுறை தோன்றியது.

மேல்மனு ஐந்து வருஷம் இழுத்துத் தள்ளுபடியாயிற்று. பதினொரு பேரும் அதே நிலத்தில் கூலிக்குப் போனார்கள். நிலம் போன பிறகு வந்த முதல் குறுவை நடவுக்கு, ராமாயி வழக்கம்போல விடியலில் வீடு வீடாகக் குரல் கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்தாள். அவள் அந்தப் பதினொரு வீட்டுக்காரிகளில் ஒருத்தி, நடவுக் கும்பலுக்குத் தலைவி. அம்சம் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். ராமாயி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள், அதற்கடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். கும்பல் அவள் வாசலைத் தாண்டிப் போயிற்று. ஏச்சு இல்லை, ஒரு முறைப்பும் இல்லை.

அந்த வருஷமும் கூப்பிடவில்லை, அடுத்த வருஷமும் இல்லை. அம்சம் மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர் நடவுக்குப் போகப் பழகிக்கொண்டாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடினாள், மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தாள். ஊர் எல்லைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

ஏழாவது வருஷம் ஒரு ஆடியில், வேலை முடிந்து வரும்போது வாய்க்கால் வரப்பில் ராமாயி எதிரே வந்தாள். தலையில் நாற்றுக் கட்டு, பின்னால் கும்பல். இருவர் விலக இடமில்லாத வரப்பு. இருவரும் நின்றார்கள்.

"ஒன்னைய நாங்க வையல அம்சம்" என்றாள் ராமாயி. நாற்றிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. "ஒரு நாளும் வஞ்சதில்ல. ஒம் மூஞ்சியப் பாத்தா எங்க வீட்டு நாலு மா நெலம் கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது. வேலை ஓட மாட்டேங்குது. அதாண்டி."

"எனக்கும் அப்படித்தான்க்கா" என்றாள் அம்சம்.

சேலையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீர். ஒவ்வொருத்தியாக வரப்பில் போய் முடிகிறவரை அதிலேயே நின்றாள்.