நேரம் சரியில்லை

அக்கா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்பு வார், கண்ணாடியில் ஒரு கீறல். என்னைப் பார்த்து, "நேரம் சரியில்லப்பா" என்றார். எட்டு மாதமாக அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் வரையும் அலுவலகம் எங்களுடையது. அக்கா என்று நான் கூப்பிடும் அவர் வேலையில் எனக்கு மூத்தவர். வரைந்ததெல்லாம் ஒரே லினக்ஸ் கணினியில் இருக்கும். ஐந்து மணிக்குள் அக்கா தன் வேலையை இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுக் கிளம்புவார். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து நான் எடுப்பேன். அன்று எங்களில் ஒருவர் எந்த டிஸ்கிலிருந்து எதற்கு என்பதைத் தலைகீழாகக் கொடுத்திருந்தார். பழைய கோப்புகள் புதியவற்றின்மேல் ஏறி, கல்யாண சீசனுக்கு வரைந்த அத்தனை முந்தியும் கரையும் அழிந்தன. ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். பாழாய்ப்போன அந்த நகல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தொடங்கிய நேரம் நான்கு ஐம்பத்து மூன்று. என்னுடையது முடிந்துவிட்டது, இது அக்கா நாற்காலியில் இருந்தபோது தொடங்கியது என்று நினைத்தேன். திரையின் மூலையில் இருந்த கடிகாரம் சரியாகவே இருந்தது. முதலாளியையும் வாசல்வரை போயிருந்த அக்காவையும் கூப்பிட்டு விரல் நீட்டிக் காட்டியவன் நான்தான், படுபாவி.

அப்போதுதான் அக்கா கடிகாரத்தைக் கழற்றினார். "செய்றதையும் செஞ்சிட்டு நேரத்தத் திட்டிக்கினு இருந்தா எப்டிமா?" என்றார் முதலாளி. நானும் அதை விதியை நொந்த புலம்பலாகத்தான் கேட்டேன். அக்கா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனவர், மறுபடி வேலைக்கு வரவில்லை.

நேற்று ஒரு நிரலைத் தொடங்கினேன். அது கால் மணி நேரம் முன்பே தொடங்கியதாகப் பட்டியல் சொன்னது. அன்றும் இன்றும் மாதக்கணக்கில் அணைக்காத இயந்திரம். மூலைக் கடிகாரம் இணையத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பட்டியலோ இயந்திரம் தானே எண்ணிவந்த கணக்கில் நேரம் சொல்கிறது. இரண்டும் விலகிவிட்டன. அப்படியானால் அந்த நகல் தொடங்கியது ஐந்துக்குப் பிறகு. நாற்காலியில் இருந்தவன் நான். அக்கா விதியைச் சொல்லவில்லை, இயந்திரத்தைச் சொன்னார்.

அக்காவின் ஊரான முசரவாக்கத்துக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. "அவங்க காலி பண்ணிக்கினு போய் நாளாச்சிபா" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அக்காவின் பழைய எண்ணும் இப்போது உபயோகத்தில் இல்லை.

இன்று காலை முதலாளி முன்னால் நின்றேன். "அன்னிக்கி நேரம் சரியில்ல, மொதலாளி."

"யாருக்குப்பா சரியா இருக்குது? உடு" என்றார்.

என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். "அக்கா இல்ல, மொதலாளி. நான்தான்."